அறுபத்தேழு கட்டத்து அரிசி

வணக்கம் நேயர்களே. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று கேட்டு அரசரையே திணற வைத்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தப் பலகையில் 64 கட்டங்கள். நான் இன்னும் மூன்றை ஒட்டிக்கொள்கிறேன். 67 கட்டங்களிலும் சேர்த்து எத்தனை அரிசி? 67 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் விடை. 21 இலக்கங்கள், மும்மூன்றாக வாசிக்கிறேன்: 147 573 952 589 676 412 927.

இந்த எண் மீது எனக்குத் தீராத பிரியம். இவ்வளவு அரிசியையும் ஒரு மணிகூட மிஞ்சாமல் சம குவியல்களாகப் பிரிக்க முடியுமா? 12 அரிசி என்றால் மூன்று குவியலாக்கலாம். அது பகு எண். 13 என்றால் ஒவ்வொரு மணியாகத்தான் வைக்க வேண்டும். அது பகா எண். நம் எண் பகா எண் என்று 1644-இல் எழுதினார் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. இல்லை, இது பகு எண் என்று 1876-இல் நிறுவினார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர். ஆனால் எந்த எண்ணால் வகுபடும்? அது அவருக்கும் தெரியாது!

இந்த இடத்தில் என் மாணவர்கள் தவறாமல் எழுந்து நிற்பார்கள். "பிரியும் என்று தெரியுமாம், எப்படிப் பிரியும் என்று தெரியாதாம், அது எப்படி சார்?" அருமையான கேள்வி. பிரியும் என்று அறிவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு. மறுபடியும் சொல்கிறேன், இரண்டும் வேறு வேறு வேலைகள். இரண்டுக்கும் நடுவே 27 ஆண்டுகள் ஓடின.

1903 அக்டோபர், நியூயார்க். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணிதர் பேச அழைக்கப்பட்டார். வாய் திறக்காமல் கரும்பலகைக்குப் போனார். இரண்டை 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தார். பலகையின் வேறொரு பக்கத்தில் இரண்டு எண்களை எழுதினார்: 193 707 721, 761 838 257 287. வரிவரியாகப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாக இருந்தன. ஒரு சொல்கூடப் பேசாமல் இருக்கையில் போய் அமர்ந்தார், அரங்கமே கைதட்டியது. கணிதர்களின் கதைகளை எழுதிய எரிக் டெம்பிள் பெல் என்ற கணிதர் விவரித்த காட்சி இது. இதற்கு எவ்வளவு காலம் ஆனது என்று பெல் பின்னாளில் கேட்டபோது கோல் சொன்ன பதில்: மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. மூன்று ஆண்டு உழைப்பை அரங்கத்தில் இருந்த யாரும் அங்கேயே சரிபார்த்துவிட முடிந்தது, பாருங்கள்!

நீங்களும் கொஞ்சம் சரிபார்க்கலாம். இலக்கங்களைக் கூட்டும் பழைய பள்ளிக்கூட வழி போதும். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37. அதையும் கூட்டினால் 10, பிறகு 1. இரண்டாவதற்கு 64, அதுவும் 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. நம் 21 இலக்கங்களின் கூட்டுத்தொகை 109. அதுவும் 1-இல் வந்து நிற்கிறது. இது முழு நிரூபணம் ஆகாது, ஆனால் தவறு இருந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு அழகு: கோல் கண்ட இரண்டு எண்களில் எதை 67-ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றுதான். அவை அப்படித்தான் இருந்தாக வேண்டும். தேடும் வேலையை அந்த விதி வெகுவாகக் குறைத்துவிடுகிறது.

நேரம் நெருங்குவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. எந்த எண்ணால் வகுபடும் என்று தெரியாமலே பகு எண் என்று கண்ட லூக்காவின் வழியைச் சுருக்கிச் சொல்கிறேன். பின்னாளில் லெமர் என்ற அமெரிக்கக் கணிதர் எளிதாக்கிய வடிவம் இது. ஐந்து கட்டத்து அரிசி, 31. நான்கில் தொடங்குங்கள்: அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்து, 31-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 14 வரும். அதையே திரும்பச் செய்தால் 8, பிறகு 0. ஐந்துக்கு இரண்டு குறைவாக, மூன்றே முறை. பூச்சியம் வந்தால் பகா எண். 67 கட்டத்துக்கு 65 முறை செய்ய வேண்டும், பூச்சியம் வராது. ஆகவே பகு எண். காரணி எதையும் தேடவே இல்லை!

இணையத்தில் ரகசியம் காக்கும் பூட்டுகளில் ஒருவகை இதே இடைவெளியை நம்பித்தான் இருக்கிறது: இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். அதை விரிவாகச் சொல்ல இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.