லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்குப் புதிய எக்ஸ்ட்ராக்டர் பொருத்துதல்: நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டொரண்டோவுக்கு அருகே லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் தயாரான நம்பர் 4 லீ-என்ஃபீல்டு ரைஃபிள் அவரிடம் இருக்கிறது. மான் வேட்டைக்குப் பயன்படுத்துகிறார். சுட்டபின் போல்ட்டை (குழாயின் பின்புறத்தை மூடித் திறக்கும் உருளையை) பின்னால் இழுக்கும்போது தோட்டாவின் வெற்று உறை சில நேரம் ஒழுங்காக வெளியே விழுகிறது, சில நேரம் மேகசின் என்ற தோட்டாப் பெட்டியின் மேலேயே படுத்துக்கொள்கிறது, எப்போதாவது சேம்பருக்குள்ளேயே, அதாவது தோட்டா உட்காரும் குழாயின் பின்பகுதியிலேயே, தங்கிவிடுகிறது. புதிய எக்ஸ்ட்ராக்டர் (உறையைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கியுள்ள பாகம்) வாங்கிவிட்டதாகவும், அதை அரம் போட்டுப் பொருத்த வேண்டுமா, அப்படியே திருகி மாட்டலாமா என்றும் கேட்கிறார்.

அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் ஒரே கோளாறாக இருக்க வேண்டும் என்பதில்லை. லீ-என்ஃபீல்டில் உறை வெளியே எறியப்படுவதற்குப் பெரும்பங்கு காரணம் எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் இருக்கும் வளைந்த தட்டை ஸ்பிரிங்தான். அதுதான் உறையை இடப்பக்கச் சுவரோடு அழுத்திக்கொண்டே வந்து, உறையின் வாய் சேம்பரைவிட்டு வெளியேறியதும் வலப்பக்கமாகத் தள்ளுகிறது. இடப்பக்கச் சுவரில் இருக்கும் சிறிய எஜெக்டர் திருகு (உறையைத் தட்டிவிடும் திருகு) துணைக்குத்தான். ஆகவே உறை மேகசின் மேல் படுத்துவிடுகிறது என்றால் முதலில் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். எழுபது, எண்பது வருடம் அழுத்தத்தில் இருந்த ஸ்பிரிங் தளர்ந்திருப்பதில் வியப்பில்லை.

உறை சேம்பரில் தங்குவது வேறு விஷயம். அப்படித் தங்கிய, சுடப்பட்ட வெற்று உறையை, துப்பாக்கியில் வேறு தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழாயின் வாய்ப்பக்கமிருந்து துடைப்புக் கம்பியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். விரலால் தள்ளிய மாதிரி எளிதாக வந்துவிட்டால் சேம்பர் மேல் குற்றமில்லை, எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி வழுக்கியிருக்கிறது. தட்டினால்தான் வருகிறது, உறையின் அடி விளிம்பில் கொக்கி பிய்த்த தடமும் தெரிகிறது என்றால், எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. அழுக்கேறிய அல்லது சொரசொரப்பான சேம்பர்தான் உறையைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த நிலையில் எத்தனை எக்ஸ்ட்ராக்டர் மாற்றினாலும் பயனில்லை. சுடாத தோட்டா சிக்கியிருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதைத் தகுதியுள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) எடுத்துச் செல்லுங்கள்.

கொக்கிதான் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டை வெளியே எடுத்து, அதன் முன்னால் இருக்கும் போல்ட் ஹெட்டைக் கையால் திருகிக் கழற்றுங்கள். எக்ஸ்ட்ராக்டரைத் தாங்கும் திருகு மிகச் சிறியது. பிளவின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் அதைத் தொட வேண்டாம். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிட்டால் பெரும்பாலும் இளகிவிடும். ஸ்பிரிங்கை எடுக்கும் முன், அது எந்தப் பக்கம் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இறுகிப்போன பழைய கிரீஸும் கரியும் இருந்தால் சுரண்டித் துடைத்து, பழைய எக்ஸ்ட்ராக்டரையே புதிய ஸ்பிரிங்குடன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பல துப்பாக்கிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

புதிய எக்ஸ்ட்ராக்டரை முதலில் ஸ்பிரிங் இல்லாமல் வைத்துப் பார்க்க வேண்டும். திருகைப் போட்டபின் அது தன் எடையிலேயே மேலும் கீழும் அசைய வேண்டும். எங்காவது பிடித்தால், பக்கங்களில் மார்க்கர் மை பூசி அசைத்துப் பாருங்கள். மை அழியும் இடம்தான் உரசும் இடம். அந்த இடத்தை மட்டும் நுண்ணிய எண்ணெய்க்கல்லில் சில இழுப்பு இழுத்தால் போதும். இந்த வேலையில் அரம் அநேகமாகத் தேவைப்படாது. எவ்வளவு தேய்த்தாலும் புதிய உதிரிப் பாகத்தில்தான் தேய்க்க வேண்டும். போல்ட் ஹெட்டிலோ குழாயிலோ கல்லை வைக்கவே கூடாது, ஏனென்றால் எக்ஸ்ட்ராக்டர் போனால் இன்னொன்று வாங்கிவிடலாம், போர்க்காலத்துக் குழாயை வாங்க முடியாது.

அடுத்து கொக்கி. இந்த ரைஃபிளுக்கான .303 தோட்டா, அடியில் வெளியே நீட்டிய விளிம்புள்ளது. விளிம்பின் தடிமன் அதிகபட்சம் 0.064 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.63 மில்லிமீட்டர். போல்ட் முகத்துக்கும் கொக்கிக்கும் இடையில் அந்த விளிம்பு தடையில்லாமல் நுழைய வேண்டும். பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் மூடியும்) வெடிமருந்தும் இல்லாத போலித் தோட்டாவை மாட்டி, போல்ட் ஹெட்டைக் கிடைமட்டமாகப் பிடித்தால் தோட்டா விழாமல் நிற்க வேண்டும். முனை சற்றுத் தாழ்வது பிழையில்லை. இந்த ரைஃபிளில் போல்ட்டை மூடும்போதுதான் கொக்கி விளிம்பின் மேல் ஏறிப் பிடிக்கிறது. ஜெர்மானிய ரைஃபிளான மவுசர் 98-இல் மேகசினிலிருந்து எழும்பும்போதே விளிம்பு கொக்கிக்குள் நுழைந்துவிடுகிறது. அந்த ஏற்பாடு இங்கே கிடையாது. எனவே கொக்கியின் முன்சரிவு வழவழப்பாக இருக்க வேண்டும். உறையை இழுக்கும் உள்விளிம்பு மட்டும் கூர்மையாக, செங்கோணமாக இருக்கட்டும். மெருகேற்றும் ஆசையில் அந்த உள்விளிம்பை மழுக்கிவிட்டால், பழைய நோயையே புதிய பாகத்துக்குக் கொடுத்த கதையாகிவிடும்.

பிறகு ஸ்பிரிங்கைப் போட்டு, போல்ட் ஹெட்டை முழுவதுமாகத் திருகி, போல்ட்டைத் துப்பாக்கியில் மாட்டுங்கள். ஒரு சுற்றுக் குறைவாகத் திருகிய போல்ட் ஹெட்டுடன் சுடுவது உயிராபத்து. கொக்கியின் முன்பக்கத்தில் மை தடவி, சேம்பரில் எதுவும் இல்லாமல் போல்ட்டை மூடித் திறந்தால், அது குழாயின் பின்முனையில் உள்ள வெட்டில் இடிக்கிறதா என்று தெரியும். இடித்தால் கொக்கியின் முன்பக்கத்தை மட்டும் சிறிது குறைக்கலாம். போல்ட் ஹெட் மாறாதவரை ஹெட்ஸ்பேஸும் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியும்) மாறாது. நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் ஹெட்டுகள் உண்டு, அவற்றில் எதை மாற்றினாலும் அதற்கான அளவுக் கருவியான கேஜ் வைத்து அளக்காமல் சுடக் கூடாது.

போலித் தோட்டாக்களை மேகசினில் நிரப்பி, போல்ட்டை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை விரைவாகவும் இழுத்துப் பாருங்கள். இரண்டிலும் வெளியே விழுந்த பிறகே சுடுதளத்துக்குப் போக வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் பார்த்துத் தாங்களே செய்ய முனைய வேண்டாம்; .303 அங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும்.

நேயர் இருக்கும் குளிர்நாட்டுக்கு இன்னொன்றும் பொருந்தும். கனடிய ராணுவத்தின் ரிசர்வ் பிரிவான கனடிய ரேஞ்சர்கள் வடதுருவப் பகுதியில் பல பத்தாண்டுகள் சுமந்தது இதே நம்பர் 4 ரைஃபிளைத்தான். கடுங்குளிரில் கெட்டியான கிரீஸ் இறுகி, எக்ஸ்ட்ராக்டரை அசையவிடாமல் செய்துவிடும். பொருத்தி முடித்ததும் எக்ஸ்ட்ராக்டர் உட்காரும் குழிக்குள் கிரீஸ் வைக்காமல், குளிரிலும் உறையாத மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.