வேலிக்கு வெளியே வளரும் பிள்ளை

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியிலும் அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கும், இந்த மழையிலும் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் பிஜியின் தலைநகர் சுவாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் என் வணக்கம்.

"வேலை நிமித்தம் பசிபிக் தீவுக்கு வந்த குடும்பத்தில், சின்னப் பிள்ளைகள் பெறுவது அதிகமா, இழப்பது அதிகமா?" இதுதான் தலைப்பு. இழப்பதே அதிகம் என்று எதிரணியில் நான்கு பேர் பேசிவிட்டார்கள். பெறுவதே அதிகம் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில் பேசிய அண்ணன் கடலைப் பிடித்துக்கொண்டார். விளம்பரப் படத்தைப் பார்த்து வெண்மணல், நீலக்கடல் என்று கனவு கண்டு வருகிறோம், வந்து பார்த்தால் சுவாவில் சேறும் சதுப்பும்தான் என்றார். உண்மைதான் அண்ணா. மணலில் கால் வைக்க வேண்டுமானால் பசிபிக் ஹார்பர் வரைக்கும் காரில் போக வேண்டும். மழையோ, சென்னையில் ஓர் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் இங்கே 3,000. துவைத்த பள்ளிச் சீருடை காயாது. அலமாரியில் வைத்த தோல் செருப்பு பூஞ்சணம் பூத்துவிடும். அதனால் கடலையும் மணலையும் நான் எங்கள் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறேன். அவை இல்லாமலேயே எங்கள் வாதம் நிற்கும். மூன்று வயதுப் பிள்ளை எங்கே இயற்கைக் காட்சியைப் பார்க்கிறது? விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறது.

ஆள், நடுவர் அவர்களே! சின்னப் பிள்ளைக்கு வேண்டியது ஆள்தான். அம்மா, அப்பா என்ற இரண்டு பேரைத் தாண்டி, அதை உரிமையோடு தூக்கவும் ஊட்டவும் அதட்டவும் பத்துப் பேர் வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு இன்று அது கிடைக்கிறதா? பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு சொல் அதட்டிவிட்டு, மறுநாள் லிஃப்டில் அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடிகிறதா?

பிஜி மக்களின் உறவுமுறையைக் கொஞ்சம் பாருங்கள். அப்பாவின் அண்ணன் அவர்களுக்குப் பெரிய அப்பா, தம்பி சின்ன அப்பா. அம்மாவின் அக்காவும் தங்கையும் அம்மாதான். அம்மாவின் உடன்பிறந்த ஆண் மட்டும் தனி வகை. அந்தத் தாய்மாமன் வீட்டில் மருமக்களுக்குத் தனி உரிமை உண்டு. 'வாசு' என்ற பெயரில் அது அவர்கள் வரலாற்றிலேயே பெரிய இடம் பிடித்திருக்கிறது. மாமன் மக்களோடு கேலியும் கிண்டலுமாக இருப்பதுதான் அங்கே மரியாதை. கேட்கும்போதே நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல இல்லையா? மானுடவியல் அறிஞர்களும் பிஜி உறவுமுறையைத் 'திராவிட முறை' என்ற வகையில்தான் சேர்க்கிறார்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்து, மாமனும் சித்தப்பனும் நம் ஊர் மாதிரியே இருக்கிற ஒரு சமூகத்தில் பிள்ளையை இறக்கிவிட்டிருக்கிறோம். இதை இழப்பு என்று எப்படி எழுதுவது?

இது நான் கண்ணால் கண்டது. எங்கள் பக்கத்து வீட்டம்மா தைலேவு மாகாணத்தில் இருக்கும் தம் கிராமத்துக்கு எங்களைக் கூப்பிட்டார். போகும்போது முறைப்படி, காவா பானம் செய்யும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்று வாங்கிப் போய்ப் பெரியவர் முன்னால் வைத்தோம். அவர்கள் பேசி ஏற்றுக்கொண்டார்கள். அதன்பிறகு என் பையன் என் கையில் இல்லை. சேற்றில் விழுந்தான். நான் எழுந்திருப்பதற்குள் ஒரு பெண் அவனைத் தூக்கி, தன் பிள்ளையைக் குளிப்பாட்டிய அதே தண்ணீரில் கழுவிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் தேடிப் போனால், வேறொரு வீட்டுப் பாயில் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பு இலையும் சாப்பிடுகிறான். ஒரு குட்டிப் பெண்ணின் கையிலிருந்து எதையோ பிடுங்கினான். அங்கிருந்த பாட்டி அவனை ஓர் அதட்டு அதட்டினார். அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த அதட்டலுக்காக நான் அவர் காலில் விழுந்திருப்பேன். வெளியூரான் பிள்ளை என்று ஒதுக்கி வைத்திருந்தால் அதட்டியிருக்க மாட்டாரே!

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன். எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், தங்கை சொன்னாள்: "தனிமை அக்கா. பகல் முழுக்க நானும் குழந்தையும் மட்டும். ஜன்னலில் கம்பி, வாசலில் பூட்டு, வெளியே மழை." அவள் குரல் கம்மியதை நாம் எல்லோரும் கேட்டோம். அது பொய்யில்லை. ஆனால் தங்கையே, அந்தத் தனிமையைத் தந்தது தீவா, வேலியா? வேலைக்கு வருகிற வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வாழ்க்கை தயாராகக் காத்திருக்கிறது. காவலாளி இருக்கும் குடியிருப்பு, காரில் பள்ளி, காரில் கடை, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு விடுதியின் நீச்சல்குளம். அதற்குள்ளேயே மூன்று வருட ஒப்பந்தம் முடிந்துவிடும். அப்படி வாழ்கிற பிள்ளை இழக்கத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை. பிஜியில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுதான். வேலியைத் தாண்டுங்கள். சனிக்கிழமை காலை சுவா சந்தைக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள். சேம்புக் கிழங்கு விற்கிற பெண் உங்கள் பிள்ளையின் பெயரைக் கேட்பாள். அடுத்த வாரம் நீங்கள் சொல்லாமலே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

வேலி என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நெஞ்சு கேட்காது. நம்மில் பலர் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் பெண் ஒருவர் வருகிறார். பாட்டுப் பாடித் தூங்க வைக்கிறார். அவருடைய சொந்தப் பிள்ளை தொலைவில் ஏதோ ஒரு கிராமத்தில், அதன் பாட்டியிடம் வளர்கிறது. நம் பிள்ளை பெறுகிற அன்பில் ஒரு பங்கு அந்தப் பிள்ளையிடமிருந்து வருகிறது. இதற்கு நாம் கொடுக்கக் கூடியது நியாயமான சம்பளம், தவறாத விடுமுறை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முகம் சுளிக்காமல் அனுப்பி வைப்பது. இவற்றைச் செய்யாத வீட்டில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லவே பயமாக இருக்கிறது.

சரி, மருத்துவம். எதிரணியின் வலுவான வாதம் இதுதான். டெங்கு இருக்கிறது, டைபாய்டு இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது. கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து புண்ணாகாத பிள்ளை இந்த அரங்கத்தில் இல்லை. பெரிய அறுவை என்றால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இல்லாவிட்டால் இந்தியா. ஆகவே, தொடர்ந்து சிறப்பு மருத்துவம் தேவைப்படும் பிள்ளை இருக்கிற குடும்பம் இங்கே வர வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மற்றவர்களுக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மலேரியாவைச் சுமக்கும் கொசு இனமே பிஜியில் கிடையாது. வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு இது. தெருநாயைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய எனக்கு அந்த ஒன்றே பெரிய நிம்மதி.

தட்டம்மையைப் பற்றித் தம்பி பேசினார். 1875-ல் கப்பலில் வந்த தட்டம்மை இந்தத் தீவுகளில் ஏறத்தாழ 40,000 பேரைக் கொண்டுபோனது. 2019-ல் சமோவாவில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பச்சைக் குழந்தைகள் என்றார். அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. அதே 2019-ல் பிஜிக்கும் தட்டம்மை வந்தது. விரைந்து தடுப்பூசி போட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த நோய் இரண்டு இடத்துக்கும் வந்தது தம்பி. தடுப்பூசி எத்தனை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்பதில்தான் வித்தியாசம். தீவைக் குற்றம் சொல்லாதீர்கள், பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

புயலுக்கும் அப்படித்தான். 2016 பிப்ரவரி 20, வின்ஸ்டன் புயல், 44 உயிர்கள். அதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் புயல் சொல்லாமல் வருவதில்லை. தென் பசிபிக்கில் புயல்களைக் கண்காணித்துப் பெயர் வைக்கும் வானிலை மையமே பிஜியின் நாடி நகரத்தில்தான் இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீட்டில் தண்ணீர், பால்மாவு, மெழுகுவத்தி, ரேடியோ தயாராக இருக்க வேண்டும் என்பது என் ஐந்து வயது மகளுக்கே தெரியும். பயத்தோடு அல்ல, வேலையாக அதைச் செய்கிறாள்.

தாத்தா பாட்டியைப் பிரிந்திருப்பது பற்றி மட்டும் நான் எதிர்வாதம் செய்யப் போவதில்லை. அது இழப்பு. மூன்று மணிக்குப் பள்ளி விட்டு வந்ததும், ஊரில் காலை எட்டரை மணிக்கு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆச்சியிடம் தொலைபேசித் திரையில் கதை சொல்லலாம். மடியில் உட்கார முடியாது. கணக்கில் அதை இழப்புப் பக்கத்திலேயே எழுதுங்கள் நடுவர் அவர்களே, எனக்குச் சம்மதம்.

கடைசியாகத் தமிழ். மூன்றாவதாகப் பேசிய ஐயா, "இந்த ஊர்ப் பழைய தமிழ்க் குடும்பங்களைப் பாருங்கள். பெயரில் கவுண்டரும் பிள்ளையும் இருக்கிறது. வாயில் தமிழ் இல்லை. நம் பிள்ளைக்கும் அதுதான் நடக்கும்" என்றார். இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கோபம் வந்தது ஐயா. மன்னிக்க வேண்டும்.

அவர்கள் எப்படி வந்தார்கள்? சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் 1903-ல் வந்தது. 1916 வரை ஏறத்தாழ 15,000 பேர் தென்னிந்தியாவிலிருந்து வந்தார்கள். வந்ததும் சுவாவுக்கு எதிரே இருக்கிற நுகுலாவு தீவில் இறக்கி, தனிமைப்படுத்தி வைத்து, அதன்பிறகு கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இன்று நாம் பிள்ளைகளோடு சோற்றுமூட்டை கட்டிக்கொண்டு படகில் போய்வருகிறோமே, அதே நுகுலாவு! ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு நாளைக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். பத்தடிக்கு ஏழடி அறையில் ஒரு குடும்பம். பிள்ளை பெற்ற பெண் அதை யாரிடமாவது விட்டுவிட்டுக் கரும்புக்காட்டுக்குப் போக வேண்டும். குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தன. வேலைக்காகத் தீவுக்கு வந்து சின்னப் பிள்ளை வளர்த்த முதல் தமிழ்த் தாய்கள் அவர்கள்தான், நாம் அல்ல.

அவர்கள் வருவதற்கு இருபத்துநான்கு வருடம் முன்பிருந்தே வட இந்தியர்கள் வந்துகொண்டிருந்ததால், தோட்டங்களில் இந்தி வேரூன்றிவிட்டது. மேஸ்திரியிடம் பேச, பக்கத்து அறையில் உப்புக் கேட்க, பிறகு பள்ளியில் படிக்க, எல்லாவற்றுக்கும் இந்தி. அத்தனைக்கும் நடுவில் 1926-ல் சாது குப்புசாமி நாடியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். கூலி வேலை பார்த்தவர்கள் காசு சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இன்று சங்கம் பல பள்ளிகளையும் லபாசா நகரில் ஒரு செவிலியர் கல்லூரியையும் நடத்துகிறது. நாடி முருகன் கோயில் எழுந்து நிற்கிறது. தீமிதிக்கு இன்றும் விரதம் இருக்கிறார்கள். கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கின்றன. மொழி கையைவிட்டுப் போன பிறகும் இவ்வளவையும் பிடித்துக்கொண்டிருப்பவர்களை, எச்சரிக்கைப் பலகை மாதிரி நம் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டலாமா ஐயா? நமக்குக் கைபேசி இருக்கிறது, விமானம் இருக்கிறது, வீட்டுக்குள் தமிழ் பேச யார் தடையும் இல்லை. அப்படியிருந்தும் நம் பிள்ளை தமிழை விட்டால், அதற்கு நாம் பொறுப்பு.

ஆகையால் இந்த விழாக்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தொடங்கப் போவதாகச் சொன்ன சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். சங்கப் பள்ளிப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். நம் பிள்ளைகள் அவர்களுக்கு 'அ' எழுதிக் காட்டட்டும். அவர்கள் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தீவைக் காட்டுவார்கள். என் பிள்ளைகளின் பெயரை முதல் இரண்டு பெயராக இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பை நடுவர் கையில் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.