"வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க"

(காட்சி: சேலம் அம்மாப்பேட்டை, சாயங்காலம். மெடிக்கல் கடைக் கண்ணாடி மேல ஒரு இருபது ரூபாய் நோட்டு.)

"அக்கா, வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க."

பத்து வருஷமா ஃபார்மசிஸ்ட்டா இருக்கேன். தினமும் கேக்கற வார்த்தை இது. வலி எங்க, எத்தனை நாளா, கூட வேற என்ன மாத்திரை ஓடுது? இந்த மூணும் தெரியாம நான் கத்தரியைக் கையில எடுக்க மாட்டேன். ஏன்னா நம்ம சனங்க, பயப்பட வேண்டிய மாத்திரையைச் சர்வசாதாரணமா முழுங்கறாங்க. தைரியமாக் குடுக்க வேண்டிய மாத்திரையைப் பார்த்து நடுங்கறாங்க. இந்த வீடியோ அதைப் பத்தித்தான்.

(காட்சி: குழித்தறி. மிதிகட்டையில கால். வளைஞ்ச முதுகு.)

நெசவு செய்யற அண்ணன் ஒருத்தர். குழிக்குள்ள காலை விட்டு நாள் முழுக்க உக்கார்ந்த முதுகு. ராத்திரி ஆனா அசிக்ளோஃபெனாக் ஒண்ணு போட்டாத்தான் தூக்கம். ரெண்டு வருஷமா இப்படி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் இதே குடும்பம். வலியையும் வீக்கத்தையும் கிளப்பற புரோஸ்டாகிளாண்டின்ங்கற பொருளை உடம்புல உண்டாக விடாம தடுக்கும். சிக்கல் என்னன்னா, வயித்தோட உள்தோலைப் புண்ணாகாம காக்கறதும், கிட்னிக்கு ரத்தம் ஒழுங்காப் போக வைக்கறதும் அதே பொருள்தான். நாலஞ்சு நாளைக்குச் சரி. வருஷக்கணக்குல போட்டா வயித்துல புண்ணு, பிரஷர் ஏறும், கிட்னி கெடும். பிரஷர் மாத்திரையும், நீர் பிரியற மாத்திரையும் கூட ஓடுச்சுன்னா ஆபத்து இன்னும் அதிகம். 2021ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. கொண்டு வர்றவங்ககிட்ட, கடையில தனியா வாங்கற இந்த அட்டையையும் எடுத்துக் காட்டுங்க.

பாராசிட்டமால் வயித்துக்கு இதைவிடச் சாது. ஆனா பெரியவங்களுக்கே 24 மணி நேரத்துல 4 கிராம்தான் எல்லை. 650 மில்லிகிராம் மாத்திரைன்னா ஆறு. கல்லீரல் கெட்டவங்களுக்கும் குடிக்கறவங்களுக்கும் அதைவிடக் குறைவு, டாக்டர்தான் சொல்லணும். சளி மாத்திரைக்குள்ளயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், அதையும் கணக்குல சேருங்க.

சுகர்ல பாதம் எரியுதே, அந்த நரம்பு வலிக்கு இது ரெண்டுமே பெருசா உதவாது. அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகாபலின்னு வேற வகை. "இது மனசு சரியில்லாதவங்க மாத்திரை"ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திட்டு வர்றவங்களை நான் அடிக்கடி பாக்கறேன். அதெல்லாம் நரம்பு வலிக்கும் குடுக்கற மருந்துதான். பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகலாம். நடுவுல விட்டுராதீங்க.

(காட்சி: ஏற்காடு மலைப்பாதை. பஸ் ஜன்னல்ல சாய்ஞ்ச ஒரு தலை.)

அடிவாரத்துல இருந்து மேல 20 கொண்டை ஊசி வளைவு. காப்பித் தோட்ட வேலைக்குப் போற ஒரு அக்காவுக்கு ஒத்தைத் தலைவலி, அதான் மைக்ரேன். வெளிச்சம் பட்டா குத்தும், குமட்டும். "பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு முடியாதப்பத்தான் மாத்திரை போடுவேன்"னு சொன்னாங்க. இந்த வலிக்கு அப்படிப் பொறுக்கக் கூடாது. மைக்ரேன் முத்தினா இரைப்பை மந்தமாயிரும், போட்ட மாத்திரை அங்கேயே கிடக்கும். ஆரம்பத்துலயே, சரியான அளவுல போடணும். அதுக்கும் கேக்கலன்னா சுமாட்ரிப்டான் மாதிரி மருந்து இருக்கு. இதய நோய் இருக்கறவங்களுக்கு அது ஆகாது, அதனால டாக்டர் சீட்டு இல்லாம வேண்டாம்.

இன்னொரு விஷயம், பல பேருக்குத் தெரியறதில்லை. தலைவலிக்காரங்க மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ பாராசிட்டமால் மாதிரி சாதா மாத்திரை போட்டு, அது மூணு மாசத்தைத் தாண்டினா, அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும். ரெண்டு மூணு மருந்து சேர்ந்த மாத்திரையோ சுமாட்ரிப்டானோன்னா, மாசத்துல 10 நாள் போட்டாலே அந்தத் தலைவலி வரும். காலண்டர்ல மாத்திரை போட்ட நாளை வட்டம் போடுங்க. வட்டம் கூடிட்டே போச்சுன்னா, வலியே வராம தடுக்கற மருந்துக்கு டாக்டரைப் பாக்கற நேரம் வந்தாச்சு. திடீர்னு இடி விழுந்த மாதிரி தலைவலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப் போறது, இதுல எது வந்தாலும் கடைக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

(காட்சி: ஒரு அரிசிப் பானை.)

இனிமே சொல்றது எங்க வீட்டுக் கதை. பெரியப்பாவுக்கு வாயில கேன்சர். டாக்டர் மார்ஃபின்ங்கற கடுமையான வலிக்கான மாத்திரையை எழுதிக் குடுத்தார். "இதைக் குடுத்தா ஆளு போயிருவாரு, இல்லைன்னா போதைக்கு அடிமையாயிருவாரு"ன்னு பாட்டி அந்த அட்டையை அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சாங்க. ஒன்பது நாள் பெரியப்பா துண்டைக் கடிச்சிட்டுக் கிடந்தார். வீட்டுக்கு வந்த ஒரு நர்ஸம்மாதான் உக்கார்ந்து புரிய வச்சாங்க. அன்னிக்கு ராத்திரி முதல் மாத்திரை. விடிஞ்சதும் உப்புப் போட்ட கஞ்சி கேட்டார்.

கேன்சர் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986லயே வழி சொல்லிருச்சு. லேசான வலிக்குப் பாராசிட்டமால் வகை, கடுமையான வலிக்கு மார்ஃபின். சாதா மார்ஃபின் மாத்திரை ஏறத்தாழ நாலு மணி நேரம் வேலை செய்யும். அதனால வலி வரட்டும்னு காத்திருக்காம கடிகாரத்தைப் பார்த்துக் குடுக்கணும். வலி கூடினா டாக்டர் அளவையும் கூட்டுவார், பயப்படாதீங்க. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அப்புறம் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. முதல் நாளே மலமிளக்கி சேர்த்துக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க. ஆனா இதே மார்ஃபின் அந்த நெசவாளர் முதுகுக்கோ, ஏற்காட்டு அக்கா தலைவலிக்கோ ஆகாது. அங்க உதவியைவிடக் கெடுதல் அதிகம்.

1985ல வந்த போதைப்பொருள் சட்டத்தோட கெடுபிடிக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைக்கறதையே விட்டுட்டாங்க. 2014ல திருத்தம் வந்து நடைமுறை எளிதாச்சு. கேன்சர் சிகிச்சை எடுக்கற ஆஸ்பத்திரியில "வலி நிவாரணப் பிரிவு எங்க?"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துலயும் வீட்டுக்கே வந்து பாக்கற வலி நிவாரண சேவை இருக்கு. மாத்திரையைப் பூட்டி வைங்க, வேற யாருக்கும் குடுக்காதீங்க.

பெரியப்பா அதுக்கப்புறம் நாலு மாசம் இருந்தார். சாயங்காலமானா திண்ணையில உக்கார்ந்து பெரியம்மாவோட தறிக்கு நூல் தார் சுத்திக் குடுப்பார். அவர் போனப்புறம் அட்டையில மீதி இருந்த ஆறு மாத்திரையை ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துட்டு வந்தது நான்தான்.