பனிக்கரையில் நிற்பவரின் கணக்கு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, திமிங்கில வேட்டையை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்று வாதிட்ட எதிரணி நண்பர்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய சகோதரி, 2019-இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்தை விட்டு விலகி வணிக வேட்டையைத் தொடங்கிய ஜப்பானைக் காட்டி, திமிங்கில இறைச்சி உண்போர் அனைவரையும் ஒரே கூண்டில் ஏற்றினார். அந்த வணிகத்துக்காக வாதாட நான் வரவில்லை. அலாஸ்காவின் வடகோடியில், வெளியூர்ச் சாலை எதுவும் சென்று சேராத உட்கியாக்விக் ஊரில், வில்தலைத் திமிங்கிலத்தை நம்பி வாழும் இனுப்பியாட் பழங்குடி மக்களுக்காகப் பேசுகிறேன்.

அந்தக் கடலை வெறுமையாக்கியவர்கள் அவர்கள் அல்லர். 1848-இல் பெரிங் நீரிணையைக் கடந்து அங்கே நுழைந்த அமெரிக்க வணிகக் கப்பல்கள், விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகவும், குடைக் கம்பிகளுக்கும் பெண்களின் இடைக்கச்சைகளுக்கும் பயன்பட்ட வாய்த் தகடுகளுக்காகவும் அவற்றைக் கொன்று குவித்தன; பிற்காலத்தில் தகடுகளை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுச் சென்றதும் உண்டு. ஆனால் 1977-இல் ஆணையம் தடை விதித்தபோது, அது வந்து விழுந்தது இனுப்பியாட் மக்களின் உணவுத் தட்டில்.

எஞ்சியவை 600 முதல் 2,000 வரைதான் என்பது அன்றைய அறிவியலாளர்களின் மதிப்பீடு. வேட்டைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. பனிப்பிளவுகளில் கண்ணுக்குத் தெரிபவை மட்டுமே எண்ணப்படுகின்றன என்றும், கரையிலிருந்து காண முடியாத தொலைவிலும் திமிங்கிலங்கள் கடந்து போகின்றன என்றும், மெல்லிய பனியைத் தலையால் முட்டி உயர்த்தி அவை மூச்சு வாங்குகின்றன என்றும் சொன்னார்கள். ஹாரி பிரவர் என்னும் வேட்டைத் தலைவர் பொறுமையாக விளக்கியதை டாம் ஆல்பர்ட் என்ற அறிவியலாளர் காதுகொடுத்துக் கேட்டார். 1980-களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, முதியவர் சொன்னதே மெய்யானது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 16,000-ஐத் தாண்டியது. இத்தனைக்கும் வேட்டை நிற்கவில்லை, முழுத் தடைக்குப் பதிலாக ஆணையம் பின்னர் வகுத்த வரம்புக்குள் ஆண்டுதோறும் நடந்துகொண்டுதான் இருந்தது.

200 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிரைக் கொல்லலாமா என்று சகோதரி கேட்டபோது என் நெஞ்சும் கனத்தது. 2007-இல் பிடிபட்ட ஒன்றின் உடலுக்குள் 19-ஆம் நூற்றாண்டின் வெடிஈட்டித் துண்டு கிடந்தது. யாரோ எப்போதோ எய்த அந்தக் காயத்தோடு அது நூறாண்டுக்கு மேல் நீந்தியிருக்கிறது. அந்த வேதனையை வேட்டைக்காரர்கள் அறியாதவர்கள் அல்லர். சாவு விரைவாக நேர வேண்டும் என்பதற்காகவே பழைய கருமருந்துக்கு மாற்றாக வலிமையான வெடிபொருளைக் கொண்டுவந்தார்கள். தாக்கப்பட்டுத் தப்பிச் சென்ற திமிங்கிலத்தையும் வரம்புக்குள் கணக்கு வைக்கிறார்கள்.

திமிங்கில இறைச்சியில் சேரும் பாதரச நஞ்சு பற்றியும் இங்கே சொல்லப்பட்டது. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளின் மருத்துவ அதிகாரிகள் 2008-இல் விடுத்த எச்சரிக்கை, கணவாய்களைத் தின்னும் பைலட் திமிங்கிலத்தைப் பற்றியது. வில்தலைத் திமிங்கிலமோ நுண்ணிய மிதவை உயிரிகளை வடிகட்டி உண்பது; அதன் தசையில் பாதரசம் மிகக் குறைவு.

கடையில் கோழி வாங்கி உண்ணலாமே என்றார்கள். அந்தக் கோழி அங்கே விமானத்தில் வர வேண்டும், விலையும் பன்மடங்கு. திமிங்கில இறைச்சியோ விற்கப்படுவதில்லை. ஜூன் மாதத்து நலுகதாக் விழாவில், வேட்டையில் வென்ற தலைவரின் குடும்பம் இறைச்சியையும், தோலும் கொழுப்புமாகிய மக்தக்கையும் ஊரார் அனைவருக்கும் பகிர்கிறது. படகேற முடியாத முதியவருக்கும் கணவனை இழந்த பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு. தடைக்குப் பின் அந்தப் பங்கை யார் கொடுப்பது என்பதை எதிரணியினர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.