இரண்டு டி.சி.யும் ஓர் ஆசிரியரும்

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் 11 வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்படிப்பட்ட பள்ளிகளில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எத்தனை பேர் தேவை என்று பேசச் சொல்லி அழைத்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இரண்டு டி.சி.தான்.

ஒரு ஜூலை மாதக் கடைசியில் ஒருவர் வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகிறோம், பிள்ளைகளுக்கு டி.சி. கொடுங்க டீச்சர் என்றார். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், ஒன்றாம் வகுப்பில் அவள் தம்பி. பிழைப்புக்குப் போகிறவரைத் தடுக்க நான் யார், எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை 62 ஆக இருந்த எண்ணிக்கை 60 ஆனது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தீர்கள் என்றால், தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61லிருந்து 90 வரை 3 ஆசிரியர். ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பேர் படிக்கிறார்களோ அதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் உபரி என்று வந்துவிட்டது. உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில், இருப்பவர்களில் பணியில் இளையவர்தான் போக வேண்டும், ஒன்றாம் வகுப்பை எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் போனார். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். பொங்கலுக்கு அந்தக் குடும்பம் ஊரோடு திரும்பிவிட்டது, பிள்ளைகளை மறுபடி எங்களிடமே சேர்த்தார்கள், எண்ணிக்கை பழையபடி 62. ஆனால் டீச்சர் வரவில்லை, அந்த வருடக் கணக்கு ஆகஸ்டிலேயே முடிந்துபோயிருந்தது.

இதில் யாரும் விதியை மீறவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

சரி, ஆறிலிருந்து எட்டு வரை வருவோம். அங்கே 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதோடு, அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப்பாடத்துக்கு ஒருவர் என்று மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றே பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் இல்லை என்றால் ஒரு பாடமே இல்லை. எங்கள் கணக்கு டீச்சர் மகப்பேறு விடுப்பில் போனார், தமிழ்நாட்டில் அது 12 மாதம், அது அவருடைய உரிமை, அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். பதிலுக்கு ஆள் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. எட்டாம் வகுப்புக்கு நான் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒருவர் வருமானச் சான்றிதழோடு நிற்பார், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாளாக இருக்கும்.

காலிப் பணியிடம் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு ஆசிரியர் இருக்கிற பள்ளியில் ஒரே ஓர் இடம் காலியானால் கூட அது 16 சதவீதத்துக்கு மேல். அதாவது சின்னப் பள்ளியில் ஓர் இடம் கூடக் காலியாக இருக்கவே கூடாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அப்புறம் ஆசிரியர் அல்லாதவர்கள். பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது, இது பெற்றோரில் பலருக்குத் தெரியாது. பிள்ளைகளின் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளத்தில் பதிவு, சீருடை, நோட்டுப் புத்தகம் வந்த கணக்கு, வங்கிக்குக் கடிதம், ஆதார் திருத்தம் எல்லாம் தலைமையாசிரியரும் வகுப்பு ஆசிரியர்களும்தான். கழிப்பறை கழுவ வருகிறவர் இரண்டு நாள் வராவிட்டால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேச்சு தாமதமாக வந்த ஒரு பையனுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார், வாரத்தில் ஒரு நாள்தான் வர முடியும், அவருக்குப் பல பள்ளிகள். தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவில் ஆள் வந்தால் அந்தப் பையனுக்கு வாரத்தில் இன்னும் சில நாள் கிடைக்கும். ஓவியம், உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் என்பது ஆறிலிருந்து எட்டு வரை 100 பேருக்கு மேல் இருந்தால்தான் சட்டப்படி கட்டாயம், எங்களிடம் 46 பேர், எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு வாத்தியாரே கிடைத்ததில்லை.

1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனிப் பணியிடம் போட்டார்கள். வாத்தியாரே சமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் அந்தத் திட்டம் நின்றிருக்காது. பதிவேடு எழுதவும், கழிப்பறை கழுவவும், தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளையோடு உட்காரவும் ஆள் வேண்டும் என்பதும் அதே மாதிரிதான். அந்த ஆள் இல்லாவிட்டால் அந்த வேலைக்கான நேரம் பாடவேளையிலிருந்துதான் போகிறது.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு வருட எண்ணிக்கையை வைத்து ஆசிரியரை எடுக்காதீர்கள், மூன்று வருடத்தின் சராசரியைப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த ஒரு குறுவள மையத்துக்குள் வரும் நடுநிலைப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஓர் எழுத்தரையாவது போடுங்கள். நீண்ட விடுப்பில் ஒருவர் போகும்போதே பதில் ஆளுக்கான ஆணையும் வரட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். ஆகஸ்ட் முடிந்து வரும் முதல் கூட்டத்தில், அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்றைக்கு வேலையில் இருப்பவர் எத்தனை என்று கேட்டு, அந்த இரண்டு எண்ணையும் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஆள் கேட்டுப் போகும்போது உங்கள் தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டு போவார். நன்றி, வணக்கம்.