துறைமுகத்தைக் குத்தகைக்கு விடாதீர்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். அரசு கட்டிய சிறு படகுத் துறைமுகங்களைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடலாமா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் நாற்றத்தைப் பற்றியே முக்கால்வாசி நேரம் பேசினார். மீன் ஏலக்கூடத்தில் தண்ணீர் இல்லை, கழிப்பறைக்குக் கதவு இல்லை, தனியார் வந்தால் எல்லாம் பளபளவென்று ஆகிவிடும் என்றார். நாற்றம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பேருந்து நிலையக் கழிப்பறையைக் குத்தகைக்கு விட்டுத்தானே வைத்திருக்கிறோம்? போர்டில் ஒரு ரேட், கையில் வாங்குவது ஒரு ரேட், நாற்றம் மட்டும் பழைய ரேட்டிலேயே இருக்கிறது.

குமரி மாவட்டம் முட்டத்தில் தனியார் துறைமுகமே இருக்கிறதே என்றும் கேட்டார். இருக்கிறது. அது தனியார் கட்டியது. நாம் பேசுவது காசிமேடு மாதிரி பொதுப்பணத்தில் கட்டி, கல் கொட்டி, படகு அணையும் மேடை போட்டு முடித்ததைத் தூக்கிக் கொடுப்பது பற்றி. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

துறைமுகத்தில் காசு வருகிற இடமும் உண்டு, காசே வராத இடமும் உண்டு. ஐஸ், டீசல், வண்டி நிறுத்தம் எல்லாம் காசு. வலை காய வைப்பது, மரம் மாற்றப் படகை மேலே ஏற்றி வைப்பது, கூடைக்கார அம்மா ஓரமாக உட்கார்ந்து விற்பது, இதிலெல்லாம் என்ன வரும்? குத்தகைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கியவர் காசு வராத இடத்தைத்தான் முதலில் சுருக்குவார், அவ்வளவுதான். ஹவாயில் சிறு படகுத் துறைமுகங்களை மாநில அரசுதான் நடத்துகிறது. அங்கே ஹொனலுலுவின் ஆலா வாய் துறைமுகத்தில் எரிபொருள் போடும் இடத்தையும் படகு பழுதுபார்க்கும் இடத்தையும் ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். போட்ட திட்டத்தில் கடை, உணவகம், அப்புறம் கல்யாணம் நடத்த ஒரு சின்னத் தேவாலயம்! வாடகை கட்ட முடியாமல் நிறுவனம் படுத்தது, குத்தகை ரத்தானது. கல்யாணமும் நடக்கவில்லை, படகும் பழுதுபார்க்கப்படவில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்ததே, நினைவிருக்கிறதா? நம் குமரிப் படகுகள் காற்று தள்ளிய பக்கமெல்லாம் போய் லட்சத்தீவிலும், மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும், குஜராத்தின் வெராவலிலும் ஒதுங்கின. அந்தத் துறைகளில் அவர்கள் மாதக் கட்டணம் கட்டியவர்களும் இல்லை, உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர்களும் இல்லை; ஆனாலும் ஒதுங்க முடிந்தது. குத்தகைப் பத்திரத்தில் புயலுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் போச்சு என்பீர்கள். சேர்க்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, பணம் கட்டினவன் படகுக்கே இடமில்லை என்று வாட்ச்மேன் கையை விரித்தால், அந்த வரியை அலைக்கு நடுவே நின்று யார் படித்துக் காட்டுவது?

சட்டமும் சும்மா இல்லை. பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்குக் கொடுத்த குத்தகையை 1996இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆறு, கடற்கரை இதற்கெல்லாம் அரசு அறங்காவலர்தான், சொந்தக்காரர் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. சிகாகோ ஏரிக்கரையை ரயில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த வழக்கில் அப்படிக் கைகழுவ அரசுக்கு உரிமை இல்லை என்று 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அதில் எடுத்துக்காட்டினார்கள்.

எதிரணி சொன்னதில் எனக்கே உறுத்தியது ஒன்று உண்டு. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகு கவிழ்ந்து உயிர் போயிருக்கிறது, அரசு தூங்கியது என்றார்கள். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் ஏலக்கூடத்துக்கு டைல்ஸ் போட வருகிறவர் வருஷா வருஷம் கடலில் மணல் அள்ளப் பணம் போடுவாரா? அந்தச் செலவு திரும்பவும் அரசின் தலையில்தான் வந்து விழும்.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிட்டேன். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் இல்லை, ஏலம் இல்லை, அத்தனை படகும் துறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த 61 நாளுக்கு யாரிடம் எவ்வளவு வாங்குவீர்கள்? அடுத்துப் பேச வருகிற தங்கை அதை மட்டும் சொல்லட்டும்.