கிரெடிட் யூனியன் ஏன் விழா நடத்துகிறது?

[திரையில்: ஒரு கிரெடிட் யூனியனின் வாகன நிறுத்துமிடம். வரிசையாகக் கார்கள், பின்னிருக்கைகளில் அட்டைப்பெட்டிகள். ஓரமாக ஒரு பெரிய லாரி.]

சனிக்கிழமை காலை. பணம் போடவோ எடுக்கவோ யாரும் வரவில்லை. வீட்டில் வருடக்கணக்காகச் சேர்ந்துகிடந்த பழைய கணக்கு விவரங்கள், காலாவதியான காப்பீட்டுத் தாள்கள், வரிக் காகிதங்கள் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். லாரிக்குள் இருக்கும் இயந்திரம் அத்தனையையும் தூளாக்கிவிடுகிறது. கட்டணம் கிடையாது. அடுத்தவர் பெயரில் கடன் வாங்கும் மோசடிக்காரருக்குக் குப்பைத்தொட்டியில் கிடைக்கும் ஒரே ஒரு தாள் போதும் என்பதால் இந்த ஏற்பாடு. அமெரிக்காவில் பல கிரெடிட் யூனியன்கள் ஆண்டுதோறும் இதைச் செய்கின்றன.

இதோடு நிற்பதில்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, உணவு வங்கிக்குப் பொருள் திரட்டுவது, முதல் வீடு வாங்குபவர்களுக்கு வகுப்பு, குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி சேர்க்கும் ஓட்டப்பந்தயம், உறுப்பினர்களுக்கு ஒரு விருந்து. கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு இதெல்லாம் எதற்கு? விளம்பரம்தானே என்று தோன்றலாம். ஓரளவுக்கு ஆமாம். ஆனால் இந்தக் கூட்டங்களுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அது தெரிந்தால், எந்த விழாவுக்குப் போகலாம், எதைக் கட்டாயம் தவறவிடக் கூடாது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் கிரெடிட் யூனியன் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் சேமிப்பு, கடன் கூட்டுறவு அது. கணக்குத் தொடங்கும்போது நீங்கள் போடும் முதல் சில டாலர்தான் உங்கள் பங்கு. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் இயங்கும் கிரெடிட் யூனியன்களில் சேமிப்புக் கணக்கையே பங்குக் கணக்கு என்றுதான் எழுதுவார்கள். அதில் கிடைப்பதற்குப் பெயர் ஈவுத்தொகை. கூட்டாட்சிக் காப்பீடு உள்ள இடங்களில் ஒரு உறுப்பினரின் சேமிப்புக்குப் பொதுவாக 2,50,000 டாலர் வரை பாதுகாப்பும் உண்டு. லாபம் கேட்டு வெளியில் எந்த முதலீட்டாளரும் காத்திருக்கவில்லை. மிஞ்சும் பணம் கையிருப்புக்குப் போகும்; இல்லையென்றால் குறைந்த கடன் வட்டியாக, கூடுதல் ஈவுத்தொகையாக உறுப்பினர்களிடமே திரும்பும். எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மேலாளர் மேடையேறி, ஆள் உயர அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படத்துக்குச் சிரிக்கிறார். அந்தப் பணம் உறுப்பினர்களுடையது. வாழ்த்து மட்டும் அவருக்குப் போகிறது!

[திரையில்: ஐரோப்பிய வரைபடம். ஜெர்மனியின் மேற்குப் பகுதி பெரிதாகிறது.]

சரி, அந்தப் பழைய காரணத்துக்கு வருவோம்.

1846ஆம் ஆண்டு. விளைச்சல் பொய்த்துப்போன சமயம். ஜெர்மனியில் வையர்புஷ் என்ற பகுதிக்கு ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்ற இளைஞர் ஊர்த்தலைவராக இருந்தார். வசதியுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் வைத்தார். பொது அடுப்பு கட்டி, இல்லாதவர்களுக்கு ரொட்டியைக் கடனுக்குக் கொடுத்தார். நல்ல காரியம்தான். ஆனால் அடுத்தடுத்த ஊர்களில் இதேபோல் சங்கங்கள் நடத்தியபோது அவருக்கு ஒன்று புரிந்தது. பணக்காரர்களின் இரக்கத்தை நம்பி நடக்கும் சங்கம், அந்த இரக்கம் வற்றும்போது தானும் வற்றிவிடும். 1864இல் ஹெட்டெஸ்டார்ஃப் என்ற ஊரில் தர்மச் சங்கத்தைக் கடன் சங்கமாக மாற்றினார். கடன் வாங்குபவரும் உறுப்பினராக வேண்டும். பொறுப்பிலும் பங்கேற்க வேண்டும்.

அந்தப் பொறுப்பு எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு எல்லையே இல்லை. ஒருவர் கடனைக் கட்டாமல் போனால், மற்றவர்கள் தங்கள் சொத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். கேட்கவே பயமாக இருக்கிறதா? அதனால்தான் ரைஃபைசன் சங்கத்தின் எல்லையை ஒரே தேவாலயத்தைச் சேர்ந்த ஊர் அளவுக்குச் சுருக்கினார். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்க வேண்டும். கடன் கேட்பவர் மாடு வாங்கப் போகிறாரா, குடிக்கப் போகிறாரா என்பது அண்டை வீட்டுக்காரருக்குத் தெரியும். ஏழை விவசாயியிடம் அடகு வைக்க எதுவும் இல்லை. ஊராருக்கு அவரைப் பற்றித் தெரிந்ததே ஈடு. ஆகவே சங்கம் கூடுவதும் கடன் விசாரணை நடப்பதும் ஒரே வேலையாக இருந்தது. கூட்டம் நின்றால் தொழிலும் நிற்கும்.

இந்த யோசனை ஊர் ஊராகப் போன வழி சுவாரசியமானது. 1890களில் சென்னை மாகாண அரசு, ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயச் சொன்னது. அவர் தந்த நீண்ட அறிக்கையின் சாரம் இரண்டே சொல்: “ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்.” 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1907இல் இந்தியாவுக்குப் பயணம் வந்த பாஸ்டன் நகர வியாபாரி எட்வர்ட் ஃபைலீன், கிராமங்களில் இந்தச் சங்கங்களைப் பார்த்தார். ஊர் திரும்பி, 1909இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கிரெடிட் யூனியன் சட்டம் கொண்டுவரத் துணை நின்றார். அமெரிக்காவின் கிரெடிட் யூனியன் வரலாற்றில் இந்திய கிராமங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

வடக்கே கனடாவில் இன்னொரு வழி. நாடாளுமன்றத்தில் பேச்சுகளைக் குறிப்பெடுக்கும் வேலையில் இருந்த அல்ஃபோன்ஸ் தெஜார்தன், கந்துவட்டிக் கொடுமை பற்றிய விவாதத்தைக் கேட்டு அதிர்ந்துபோனார். 1900 டிசம்பரில் கியூபெக்கின் லெவி நகரில் மக்களுக்கான ஒரு சேமிப்புச் சங்கத்தைத் தொடங்கினார். மறு மாதம் பணம் வாங்கத் தொடங்கியபோது முதல் நாள் வசூல் 26 டாலர் 40 சென்ட். அலுவலகம் அவர் வீடுதான். அவர் ஒட்டாவாவில் வேலையில் இருந்த நாட்களில் மனைவி தொரிமென் கணக்கைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் 1908இல், அமெரிக்காவில் நியூஹாம்ஷயரின் மான்செஸ்டர் நகரத்துப் பிரெஞ்சு-கனடிய ஆலைத் தொழிலாளர்களுக்கு முதல் கிரெடிட் யூனியன் அமைக்க உதவியவரும் இந்தத் தெஜார்தன்தான்.

எல்லா இடத்திலும் ஒரே அடித்தளம்: ஒரே ஆலை, ஒரே தேவாலயம், ஒரே தெரு. ஏற்கெனவே பழகியவர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் வைத்தார்கள்.

[திரையில்: ஒரு கைப்பேசி. கடன் விண்ணப்பம். சில நொடிகளில் பதில்.]

கடன் கேட்பவரை விசாரிக்கும் வேலையை இன்று கணினி செய்கிறது. ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டும் வாய்ப்பை எண்ணாகச் சொல்லும், எல்லா வகைக் கடனுக்கும் பொதுவான ஃபைகோ மதிப்பெண் 1989இல் அமெரிக்காவில் அறிமுகமானது. கடன் கேட்பவரின் நாணயத்தை அறிய பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டிய தேவை போய்விட்டது. உறுப்பினராகும் தகுதியும் விரிந்தது. பல இடங்களில் ஒரு மாவட்டத்தில் வசித்தாலோ வேலை பார்த்தாலோ போதும். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். கூட்டத்துக்கு இருந்த தொழில் காரணம் மறைந்தது, கூடும் பழக்கம் மட்டும் மிஞ்சியது. இன்றைய விழாக்கள் அங்கிருந்து வந்தவை. உறுப்பினர்களிடையே இல்லாமல் போன நெருக்கத்தைத் திரும்ப உண்டாக்கும் முயற்சி என்றும் சொல்லலாம்.

கூட்டுறவுக் கொள்கைகளிலும் இதற்கு இடம் உண்டு. 1995இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு ஏழு கொள்கைகளை வகுத்தது. ஐந்தாவது, உறுப்பினர்களுக்குக் கல்வியும் பயிற்சியும் தகவலும். ஏழாவது, சமூகத்தின் மீது அக்கறை. அக்டோபர் மூன்றாவது வியாழக்கிழமை 1948 முதல் சர்வதேச கிரெடிட் யூனியன் தினம். அன்று கிளைக்குப் போனால் கேக்கும் காபியும் கிடைக்க வாய்ப்புண்டு. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்கு மதிப்புள்ளதாகத் தெரியும் நிகழ்ச்சி, பள்ளிகளில் நடத்தும் நிஜ வாழ்க்கைச் சந்தை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வேலை, ஒரு மாதச் சம்பளம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அரங்கில் சுற்றிலும் மேசைகள்: வீட்டு வாடகை, கார், காப்பீடு, துணிமணி, கைப்பேசி. மாணவர் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் செலவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருக்கும் தன்னார்வலர் விற்பனையாளர் போலவே பேசி ஆசை காட்டுவார். முதல் மேசையிலேயே புத்தம்புதுக் கார் எடுத்தவர், வாடகை மேசைக்கு வரும்போது விழிப்பார். சிலர் திரும்பி ஓடிப்போய்க் காரை மாற்றுவார்கள். சில இடங்களில் சக்கரம் சுற்றும் விளையாட்டும் உண்டு. முள் நிற்கும் இடத்தைப் பொறுத்து பல் வைத்தியச் செலவு வந்து நிற்கும். வட்டியைப் பற்றி மணிக்கணக்கில் பாடம் எடுத்தாலும் ஏறாதது இங்கே சட்டென்று ஏறும். தவறான முடிவு எடுத்தால் உண்மையான பணம் எதுவும் போகாது என்பதுதான் இதன் அழகு.

வருமான வரிப் பருவத்தில் சில கிரெடிட் யூனியன்கள் தங்கள் கிளையிலேயே இடம் கொடுத்து, வரித்துறையிடம் பயிற்சிச் சான்று பெற்ற தன்னார்வலர்களை உட்கார வைக்கின்றன. குறைந்த வருமானம் உள்ளவர்கள் கட்டணமில்லாமல் வரிக்கணக்கு தாக்கல் செய்யலாம். முதியவர்களுக்கு மோசடி எச்சரிக்கை வகுப்பும் நடக்கும். இவையெல்லாம் நேரடியாகப் பணம் மிச்சமாகும் காரியங்கள்.

ஆனால் விழாப் படத்தில் வராத ஓர் உதவி இருக்கிறது. சம்பள நாள் வரை தாக்குப்பிடிக்க முடியாமல் கந்துவட்டிக் கடைக்குப் போகிறவர்களுக்காக, அமெரிக்கக் கூட்டாட்சி கிரெடிட் யூனியன்கள் சிறு கடன் தரலாம் என்று 2010இல் விதி வந்தது. ஆண்டு வட்டி 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் போகக் கூடாது. 28 சதவீதம் அதிகம்தான். ஆனால் சம்பளநாள் கடன் கடைகளில் இது 300, 400 சதவீதத்தைத் தொடும். சமூக அக்கறையைப் பேசும் ஒரு கிரெடிட் யூனியனிடம் நான் முதலில் கேட்பது, இந்தக் கடனைத் தருகிறீர்களா என்பதுதான். எல்லா இடத்திலும் தருவதில்லை. தரும் இடத்திலும் இதற்கு பலூன் கட்டுவதில்லை.

செலவைப் பார்க்கவும் வழி உண்டு. கூட்டாட்சிக் காப்பீடு பெற்ற ஒவ்வொரு கிரெடிட் யூனியனும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை தர வேண்டும்; கண்காணிப்பு ஆணையமான என்சியுஏயின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். அதில் கல்விச் செலவும் விளம்பரச் செலவும் ஒரே வரியில் வருகின்றன! பள்ளிச் சந்தைக்கு எவ்வளவு, நெடுஞ்சாலை விளம்பரப் பலகைக்கு எவ்வளவு என்று அந்த எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது. நேரில்தான் கேட்க வேண்டும். அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது.

[திரையில்: ஓர் அரங்கு. பாதிக்கு மேல் காலி நாற்காலிகள்.]

ஆண்டுப் பொதுக்கூட்டம். உறுப்பினர் நிகழ்ச்சிகளிலேயே முக்கியமானது, ஆனால் கூட்டம் சேராதது. பரிசுக் குலுக்கல் வைத்து ஆட்களை இழுக்கிறார்கள். கூட்டாட்சி கிரெடிட் யூனியன்களின் மாதிரித் துணைவிதிப்படி, 15 உறுப்பினர் இருந்தாலே கூட்டம் செல்லுபடியாகும். பல்லாயிரம் பேருக்குச் சொந்தமான நிறுவனத்தின் கூட்டத்தை 15 பேர் நடத்தி முடித்துவிடலாம். உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை ஓட்டுப்போட அனுப்பவும் முடியாது. சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

அங்கே தேர்ந்தெடுக்கப்படும் இயக்குநர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கடன் கொள்கையையும், எந்த விழாவுக்கு எவ்வளவு செலவு என்பதையும் தீர்மானிப்பது அவர்கள் பொறுப்பு. வேட்பாளர்களை ஒரு நியமனக் குழு முன்மொழியும். நான்கு இடத்துக்கு நான்கே பெயர் என்றால் போட்டியில்லாமல் முடிந்துவிடும். அந்தப் பட்டியலில் இல்லாத உறுப்பினரும் போட்டியிடலாம். மாதிரித் துணைவிதியின்படி, மொத்த உறுப்பினர்களில் ஒரு சதவீதத்தினரின் கையெழுத்து வேண்டும். குறைந்தது 20, அதிகபட்சம் 500. மனு கொடுக்கக் கடைசித் தேதி பொதுக்கூட்டத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடும். அந்த அறிவிப்பு எங்கே வரும் தெரியுமா? மாதக் கணக்கு விவரத்தோடு சேர்ந்து, நீங்கள் திறக்காமல் விடும் மின்னஞ்சலில்.